தொண்ணூற்றைந்து மார்க்குப் பெட்ரோல்

பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவனுக்கு நாளடைவில் எண்களிடத்தில் ஒரு மோகம் உண்டாகிவிடுகிறது. இருபது வருஷ காலமாக நான் மார்க்குப் போட்டு வருகிறேன். 35 என்றால் பையன் தப்பிப் பிழைத்தான். 60 என்றால் பரவாயில்லை. 95 என்றாலோ அவனை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுக்கலாமா என்று தோன்றும். இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றிருந்தால் எனக்கும் நஷ்டமில்லை, உலகத்துக்கும் நஷ்டமில்லை. அது பெட்ரோல் பங்க் வரையில் என் பின்னோடு வந்துவிட்டதுதான் சங்கடமாகப் போயிற்று.

என் தகப்பனார் 1979-ஆம் வருஷம் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். 350 சி.சி. வண்டி; வார்ப்பிரும்பு எஞ்சின்; கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அவர் காலத்துக்குப் பிறகு நிலம் அண்ணாவுக்குப் போயிற்று; வண்டி எனக்கு வந்தது. பங்கு சமமா இல்லையா என்பது பற்றி என் மனைவிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. என் வீடு திருவாரூரில். பள்ளிக்கூடம், கொரடாச்சேரிக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில். போக வர 30 கிலோ மீட்டர். வாய்க்கால் கரையில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வகுப்புக்குள் ஓடிவிடுவார்கள். ஆகவே பள்ளிக்கூட மணியின் உத்தியோகத்தையும் அந்த வண்டி சேர்த்துப் பார்த்து வந்தது.

2025 ஐப்பசியில் வண்டிக்கு ஒரு வியாதி கண்டது. சமதரையில் ஒன்றுமில்லை. பாலத்து மேட்டில் ஏறும்போது மட்டும், சிலிண்டருக்குள் யாரோ உட்கார்ந்து சின்ன மணியொன்றை அடிப்பது போலக் 'கணகண'வென்று சத்தம் வரும். மேட்டைத் தாண்டினால் நின்றுவிடும்.

பெட்ரோல் போடப் போன இடத்தில் இதைச் சொன்னேன். குழாயைப் பிடித்திருந்த பையன் என் பழைய மாணாக்கன். என் வகுப்பில் அவன் 40-ஐத் தாண்டியதாக ஞாபகமில்லை. அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "95 போடட்டுமா, ஸார்? சாதாரணப் பெட்ரோல் இந்த வண்டிக்குத் தாங்காது, ஸார்" என்றான். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். ஆனால் 95 என்ற எண் காதில் விழுந்த பிறகு எந்த வாத்தியார் யோசிப்பார்? "போடு அப்பா!" என்றேன். இத்தனை காலமும் தகப்பனாரின் வண்டியைக் குறைந்த மார்க்குப் பெட்ரோலில் வைத்து வதைத்தோமே என்று வருத்தங்கூட உண்டாயிற்று.

இரண்டு மாதம் 95 குடித்தது வண்டி. மேட்டில் மணி நிற்கவில்லை.

*

கமலாலயத்தை அடுத்த ஒரு சந்தில் பாயின் பட்டறை. என் தகப்பனார் காலத்திலிருந்து வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர். எழுபது வயதுக்கு மேலாகிறது. இப்போது கை வேலையெல்லாம் பேரன் செய்கிறான். காது வேலை மட்டும் இவருடையது. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். நாடி பார்க்கிற பெரிய வைத்தியர்களிடத்தில் அந்த முகபாவத்தைப் பார்க்கலாம்.

"என்ன பெட்ரோல் போடறீங்க, தம்பி?"

"95, பாய்!" என்றேன், கொஞ்சம் பெருமையோடேயே.

பாய் கண்ணைத் திறந்தார். "யார் போடச் சொன்னது? உங்க அத்தா கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். பெட்ரோல்லே கோளாறு இல்லே, தம்பி. நெருப்பு முந்துது."

மறுநாள் சிலிண்டரின் தலையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சட்டியின் அடியில் பிடித்த கரியைப் போலப் பொருக்குப் பொருக்காகக் கரி. அதோடு, பொறியை உண்டாக்கும் 'பாயிண்ட்' தேய்ந்து, பொறி விழவேண்டிய நேரத்துக்கு முன்பாகவே விழுந்துகொண்டிருந்தது. கரியைச் சுரண்டி, பாயிண்டை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து கொடுத்தார். கூலி 600 ரூபாய். சாதாரணப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறினேன். மணிச் சத்தம் அடியோடு நின்றிருந்தது.

'நெருப்பு முந்துகிறது' என்ற பாயின் வாக்கு என் மனத்தை விட்டுப் போகவில்லை. பட்டம் பெற்றவன் என்று பேர். தகப்பனார் வண்டியை இருபது வருஷம் ஓட்டியவன். அப்படியிருந்தும் பெட்ரோலின் எண் எதைக் குறிக்கிறதென்று அதுவரையில் கேட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியரையும் இரண்டொரு புத்தகங்களையும் தொந்தரவு செய்த பிறகு விஷயம் தெளிவாயிற்று.

எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நெருக்குகிறது. நெருக்கினால் சூடேறும். சரியான சமயத்தில் பொறி விழுந்து, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவினால் பிஸ்டனை ஒரே சீராகக் கீழே தள்ளும். ஆனால் தீ வந்து சேருமுன்னரே, மறுமுனையில் இருக்கும் கலவை சூடும் நெருக்கமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால்? அந்த வெடிதான் கணகணச் சத்தம். அதைக் கவனியாமல் ஓட்டினால் பிஸ்டனே துளைபட்டுப் போகலாம்.

இதை என் மாணவர்களுக்கு இப்படிச் சொன்னேன். நெருக்கமான வகுப்பில் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறது. மாலை மணி அடித்ததும் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று ஒழுங்காகப் போனால் கதவுக்குச் சேதமில்லை. மணி அடிக்குமுன்னே கடைசி வரிசைப் பையன்கள் குதித்து எழுந்தால் என்ன ஆகும்? பெட்ரோலின் 'ஆக்டேன்' எண் என்பது, மணி அடிக்கும் வரையில் எவ்வளவு நெருக்கினாலும் பொறுத்திருக்கும் குணத்தின் அளவு. அது பலத்தின் அளவு அன்று. 95 பெட்ரோலில் 91-ஐ விட அதிக சக்தி அடைபட்டிருக்கவில்லை. அதிகப் பொறுமைதான் அடைபட்டிருக்கிறது. சாதாரணமாக நெருக்கும் எஞ்சினுக்கு அந்த அதிகப் பொறுமையால் பிரயோஜனம் இல்லை. காலி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனின் பொறுமையை யார் மெச்சுவார்கள்?

எஞ்சின் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதற்கும் ஒரு எண் உண்டு; அமுக்க விகிதம் என்கிறார்கள். என் தகப்பனாரின் இரும்பு எஞ்சினுக்கு அது சுமார் 6.5. கலவையை ஆறரை பங்கு நெருக்கும் சாது எஞ்சினுக்கு 95 போடுவது, அரிச்சுவடி வாசிக்கும் குழந்தைக்குக் கல்லூரி ஆசிரியரை ட்யூஷன் வைப்பதுபோல. கரியினாலும் தவறிய நேரத்தினாலும் வந்த வியாதிக்குப் பெட்ரோலில் மருந்து தேடினேன். அத்தனைதான் நான் செய்தது.

*

இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1920-களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயனி இதற்கு அளவுகோல் ஏற்படுத்தினார். ஐஸோ-ஆக்டேன் என்ற பொறுமைசாலித் திரவத்துக்கு 100. ஹெப்டேன் என்ற அவசரக்காரத் திரவத்துக்கு 0. சோதனை எஞ்சினில் ஒரு பெட்ரோல், 95 பங்கு முதலாவதும் 5 பங்கு இரண்டாவதும் கலந்த கலவையைப் போல் நடந்துகொண்டால் அதற்கு 95. ஆகவே இது நூற்றுக்கு இத்தனை என்ற மார்க்கு அல்ல. 100-க்கு மேலேயும் போகலாம்.

அதற்குச் சற்று முன்னால், 1921 டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிசாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு ரசாயனத்தைத் துளி சேர்த்தால் பெட்ரோலின் அவசரம் அடங்குகிறதென்று கண்டுபிடித்தார். எஞ்சின்கள் அமைதியாயின, மனிதர்களுக்கு ஆபத்து வந்தது. 1924-இல் அதைத் தயாரித்த தொழிற்சாலைகளிலேயே தொழிலாளர்கள் நஞ்சேறி மாண்டார்கள். அப்படியும் உலகம் அதை விடவில்லை. தெருப்புழுதியிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் ஏறியது. நம் தேசம் முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டில்தான். கடைசியாக அல்ஜீரியா கைவிட்டது 2021 ஜூலையில். எண்ணை உயர்த்தச் சுலபமான வழி கிடைத்ததென்று ஒரு நூற்றாண்டுக் காலம் மனித குலம் கொடுத்த விலை இது.

எண்ணுக்கு மெய்யான பெருமை உண்டான சந்தர்ப்பமும் இருந்தது. 1940-இல் பிரிட்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் பறந்து வந்தபோது, பிரிட்டிஷ் சண்டை விமானங்களுக்கு 87-க்குப் பதிலாக 100 ஆக்டேன் பெட்ரோல் கொடுத்தார்கள். அவை முன்னிலும் வேகமாகப் பாய்ந்தன. ஆனால் பெட்ரோலை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை; அந்தப் பொறுமையை உபயோகிக்கும் வண்ணம் எஞ்சின் இன்னும் பலமாக நெருக்கும்படி அதையும் திருத்தி அமைத்தார்கள். எஞ்சின் கேட்டது, பெட்ரோல் கொடுத்தது.

நம் தேசத்திலும் 2020 டிசம்பர் 1-ஆம் தேதி இந்தியன் ஆயில் கம்பெனி, மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான 100 ஆக்டேன் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று தில்லியில் லிட்டர் 160 ரூபாய். அது கேட்கும் எஞ்சின்கள் உலகத்தில் இருக்கின்றன. எங்கள் வாய்க்கால் கரையில் இல்லை.

*

இவ்வளவு ஞானமும் வந்த பிறகு நான் திருந்தியிருக்க வேண்டும். ஒரு எண்ணிடமிருந்து தப்பி இன்னொரு எண்ணிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

பொங்கலுக்கு என் மைத்துனன் சென்னையிலிருந்து வந்தான். வீட்டு வாசலில் அவனுடைய 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டி நின்றது. அதுவும் ராயல் என்ஃபீல்டுதான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த அந்தப் பெயர், 1955-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலையாக வேரூன்றியது. 1970-இல் சீமையில் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. தமிழ் நாட்டில் கிளை தழைத்தது. 1977-இல் இங்கே செய்த புல்லட்டை அங்கேயே அனுப்பி விற்க ஆரம்பித்தார்கள். 2018-இல் விற்பனைக்கு வந்த இந்த 650-உம் நம் தொழிலாளர்கள் கைப்பட உருவானதுதான். இதையெல்லாம் நினைக்கும்போது எனக்குள் ஏதோ ஒரு பெருமிதம் எழும்பியதை மறைப்பானேன்?

"அத்தான், உங்க 350-ஐ மியூசியத்துக்குக் கொடுத்துடுங்க. இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க!" என்று சாவியை என் கையில் வைத்தான்.

தஞ்சாவூர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அருமையான வண்டி. என் புல்லட்டு 60-ஐத் தொட்டால் உடம்பெல்லாம் நடுங்கும், கைப்பிடி விரலைக் கூசச் செய்யும், காதோடு காதாய் 'போதும், போதும்' என்று கெஞ்சும். 650-க்கோ 60 என்பது உலாவுகிற வேகம். லாரியைக் கடக்க வேண்டுமா? மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் லாரி பின்னால் போய்விடுகிறது. அன்றிரவு கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேமநிதியில் கடன் எடுக்கலாமா என்றுகூட எண்ணினேன். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த ஆனியில் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் எண்ணினேன்.

மறுநாள் காலை மைத்துனனிடம் கேட்டு, அந்த வண்டியிலேயே பள்ளிக்கூடத்துக் கிராமத்துக்குப் போனேன். விடுமுறை நாள், வேலை ஒன்றுமில்லை. பிள்ளைகள் பார்க்கட்டுமே என்ற அற்ப ஆசைதான்.

தை மாதத்தில் எங்கள் சீமைச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா அறுவடையாகிக் களத்துக்குள் அடங்காத நெல், தார்ச் சாலையில் பாதி அகலத்துக்கு விரிந்து வெயில் காயும். ஈரம் போனால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். வாய்க்கால் திருப்பம் ஒன்றைத் தாண்டினேன். எதிரே பொன்னிறப் பாய் விரித்தாற்போல நெல். ஓரத்தில் ஒரு கிழவி காக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நெல்லின் நடுவில் நாலு வயதுக் குழந்தை ஒன்று, காலால் அளைந்து கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

முள்ளைப் பார்த்தேன், 90. சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த எஞ்சின் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் என்னை 90-க்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற உபாயம் அந்த வண்டியில் இருந்ததால் குப்புற விழவில்லை. ஆனால் உருளும் நெல்மணியின்மேல் எந்த உபாயம் என்ன செய்ய முடியும்? இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு, நெல்லை இரு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கிப் போய் நின்றது. குழந்தைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தது.

குழந்தை அழவில்லை. வண்டியைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத்தான் கை கால் நடுங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். கிழவி ஏசப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் துடைப்பத்தை எடுத்துச் சிதறிய நெல்லைக் கூட்டத் தொடங்கினாள். நானும் கையால் அள்ளினேன். சற்று நேரம் பொறுத்து, "நெல்லு கெடக்கு தம்பி, அள்ளிக்கலாம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

*

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. திருவாரூர்க்காரனுக்கு இப்படிப்பட்ட சமயத்தில் எந்தக் கதை ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனுநீதிச் சோழனின் மகன் தேரோட்டிப் போனதும், கன்று சக்கரத்தில் அகப்பட்டதும், தாய்ப் பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அடித்ததும் எங்கள் ஊர்த் தெருவில்தான் நடந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கல்லில் செதுக்கிய தேர் இன்றும் ஊரில் நிற்கிறது. அரசகுமாரன் கெட்டவனல்ல. அவனுடைய தேர் நல்ல தேர்; குதிரைகள் நல்ல குதிரைகள். தெருவுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நல்லவை, அவ்வளவுதான்.

மறுநாள் நிதானமாக இரண்டு வண்டிகளையும் காகிதத்தில் எதிரெதிரே எழுதினேன். இப்போது வரும் 350 எஞ்சினுக்குச் சுமார் 20 குதிரைச் சக்தி, 650-க்கு 47. நான்கு வழிச் சாலையில், இரண்டு பேர் மூட்டையோடு நாள் முழுவதும் 100-இல் போக வேண்டுமானால் 650-தான் வாகனம். அங்கே 350 திணறும். திணறும் எஞ்சினை விரட்டுவதும் ஆபத்தே. என் மைத்துனன் மாதந்தோறும் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறவன். அவன் வாங்கியது நியாயம். எனக்கோ வாய்க்கால் கரையில் 50-க்கு மேல் போக இடமே இல்லை. மீதிக் குதிரைகளை லாயத்தில் கட்டித் தீனி போடுவதற்கா கடன் வாங்குவது?

தீனிக் கணக்கையும் போட்டேன். 350 லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோ மீட்டர் கொடுக்கும். 650 ஏறத்தாழ 25. மாதம் 720 கிலோ மீட்டர் ஓட்டும் எனக்கு எட்டு லிட்டர் வித்தியாசம். வரியும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை அகப்பட்டது. பெரிய வண்டிக்குப் பெரிய எண்ணுள்ள பெட்ரோல் வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் புதிய 350-இன் அமுக்க விகிதம் 9.5, 650-இன் விகிதமும் அதே 9.5! சிலிண்டர் ஒன்றா இரண்டா, பெரிதா சிறிதா என்பது அல்ல, கலவையை எவ்வளவு நெருக்குகிறது என்பதுதான் பெட்ரோலை நிர்ணயிக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஹிமாலயன் என்று 452 சி.சி. வண்டி ஒன்று வருகிறது, அதற்கு 11.5. 650-ஐவிடச் சின்ன எஞ்சின்தான் அதிகமாக நெருக்குகிறது! வண்டியோடு கொடுக்கும் கைப்புத்தகத்தில் எந்த எண் குறைந்தபட்சம் என்று அச்சிட்டிருக்கிறதோ, அதைப் போட்டால் போதும். அதற்குக் குறைந்தால் எஞ்சினுக்குக் கெடுதல். கூடினால் பைக்குக் கெடுதல்.

பௌதிக ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். இப்போதைய சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்னும் எரிசாராயம் கலக்கிறது. அதனுடைய ஆக்டேன் எண் சுமார் 108. ஆகையால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலின் எண் 95-க்கு உயர்ந்துவிட்டதாகப் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் வெளியிட்டிருக்கிறது. அதாவது நான் கூடுதல் காசு கொடுத்துத் தேடிய 95, பக்கத்துக் குழாயிலேயே ஓடிக்கொண்டிருந்தது! அந்த ரகத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை; எண்ணுக்காக மட்டும் வாங்கியவன் ஏமாந்தான் என்கிறேன்.

இந்த எரிசாராயத்தில் எங்கள் சீமைக்காரர்களுக்கு ஒரு மனச்சங்கடம் இருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அது வருகிறது, அரிசியிலிருந்தும் வருகிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியையே சாராய ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். 2023 ஜூலையில் அரிசி விலையை எண்ணி அதை நிறுத்தினார்கள். 2024-இல் மறுபடி அனுமதித்தார்கள். தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறபோது, நம் வயலில் விளைந்ததைக் கொண்டு அதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பது சுயமரியாதையுள்ள எண்ணம்தான். எங்கள் கமலாபுரத்திலும் நரிமணத்திலும் நெல் வயலுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். அன்று வயல் போகிறதே என்று கவலைப்பட்டோம். இன்று நெல்லே எண்ணெயாகிறது. அன்று காலை கிழவியின் நெல்லை வாரி இறைத்துக்கொண்டு போன வண்டியின் டாங்கிலும் யாரோ ஒரு குடியானவன் விளைத்த தானியம் கொஞ்சம் எரிந்திருக்கலாம். அதை வீண் ஜம்பத்துக்கு எரிக்காமலிருப்பதாவது நம்மால் ஆகக்கூடிய காரியம்.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எரிசாராயத்துக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதற்கென்று வடிக்கப்படாத இரு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் குழுவே கணக்கிட்டது. அது ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதி டாங்கோடு வண்டியை வாரக் கணக்கில் நிறுத்தி வைத்தால், நீர் பிரிந்து அடியில் தங்கித் துருப் பிடிக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது அரிக்கும். பாய் என் வண்டிக்கு எல்லாவற்றையும் புதுரக ரப்பரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

*

கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். புதிய 350 ஒன்று வாங்கினேன். தகப்பனார் வண்டி இருக்க, அது ஏன் என்று என் மனைவியும் கேட்டாள். காரணம், பிரேக்தான். பழைய புல்லட்டின் பிரேக், மழை நாளில் பிரார்த்தனையோடு சேர்த்து அழுத்த வேண்டிய ரகம். அந்தக் குழந்தைக்கு முன்னால் நான் பழைய வண்டியில் வந்திருந்தால் வேகம் குறைவாக இருந்திருக்கும். ஆனால் நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

பங்குனியில் எங்கள் ஆழித் தேர் ஓடும்போது வெளியூர்க்காரர்கள் வடம் பிடிப்பவர்களைப் பார்த்து அதிசயிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பார்ப்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை. 96 அடி உயரமும் 300 டன் எடையும் உள்ள தேரை இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் சிலர்தான். திருச்சி பெல் தொழிற்சாலையார் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தார்கள். இந்த ஊரில் பிறந்தும் எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

பழைய வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது. டாங்கில் தேவைக்கு மட்டும் சாதாரணப் பெட்ரோல். பெண்ணின் கல்லூரிப் பணம் சேமநிதியில் பத்திரமாக இருக்கிறது.

சென்ற வாரம் அந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். பழைய மாணாக்கன் வழக்கம்போல, "95 போடட்டுமா, ஸார்?" என்றான்.

"வேண்டாம் அப்பா. உனக்கு நான் 40 போட்டேனே, நீ அதனால் குறைந்தா போய்விட்டாய்?" என்றேன்.

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "38 ஸார். நீங்க போட்டது 38."